அடுத்த கணக்குப் புத்தகத்தை வாங்கும் முன்

வீட்டிலேயே படிக்கும் குழந்தை ஐந்தாம் வகுப்புக் கணக்கை முடித்ததும் அடுத்து எந்தப் புத்தகம் என்ற கேள்வி வந்துவிடும். எங்கள் மகளுக்கு அந்தக் கட்டம் வந்தபோது தமிழக அரசின் சமச்சீர், மத்திய அரசின் என்சிஇஆர்டி, சிங்கப்பூர் கணிதம், படக்கதையும் புதிருமாக வரும் அமெரிக்கத் தொடரான பீஸ்ட் அகாடமி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லாமே நல்ல புத்தகங்கள்தான். ஆனால் குழந்தை கணக்கில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு தேடினால், அந்தப் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

பள்ளியில் இருந்தால் இந்நேரம் எந்த வகுப்பு என்ற கணக்கை முதலில் ஒதுக்கிவையுங்கள். முடித்த வகுப்பின் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பயிற்சியிலிருந்தும் இரண்டு மூன்று கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேரம் குறிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, பென்சில் எங்கே நிற்கிறது, எங்கே விரல்விட்டு எண்ணத் தோன்றுகிறது என்று கவனியுங்கள். பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாற்றம் என்றால் தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வைத்தால் போதும், அதற்காகப் புத்தகம் மாற்ற வேண்டியதில்லை. நீள் வகுத்தலில் படி தவறுகிறது என்றாலும் அப்படித்தான். பின்னத்தில் குழப்பம் இருந்தால் மட்டும் அடுத்த வகுப்பைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். விகிதம், சதவீதம், இயற்கணிதம் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அதுதான்.

அதைச் சோதிக்க நான் கொடுத்த கணக்கு இது: மூன்றேகாலை அரையால் வகு. தலைகீழாக்கிப் பெருக்கி, ஆறரை என்று சட்டென்று எழுதிவிட்டாள். விடை சரி. “வகுத்த பிறகு எண் எப்படிப் பெரிசாச்சு?” என்று கேட்டேன். பதில் இல்லை. “மூன்றேகால் லிட்டர் பால் இருக்கு. அரை லிட்டர் பாக்கெட்ல ஊத்தினா எத்தனை பாக்கெட்?” என்றதும் மேசையில் விரலால் கோடு போட்டு எண்ணினாள். ஆறு பாக்கெட் நிறைந்து கால் லிட்டர் மிச்சம். “அப்போ ஆறேகால்” என்றாள். நோட்டில் ஆறரை என்று இருந்ததைக் காட்டினேன். நோட்டையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தவள், “கால் லிட்டர்னா அரை பாக்கெட்டும்மா!” என்றாள். எனக்கு வேண்டிய தகவல் அதிலேயே கிடைத்துவிட்டது. செய்முறை கைக்கு வந்திருக்கிறது, பொருள் முழுதாகப் பிடிபடவில்லை, படமாகக் காட்டினால் தானே கண்டுபிடிக்கிறாள். இவளுக்குப் படம் போட்டு யோசிக்க வைக்கும் புத்தகம் வேண்டும். பக்கம் பக்கமாக ஒரே மாதிரிக் கணக்குகளை அடுக்கும் புத்தகம் வேண்டாம்.

அடுத்து பாட வரிசை. பலர் இதைப் பார்க்காமலே ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள். சமச்சீர் ஆறாம் வகுப்பில் முதல் பருவத்திலேயே இயற்கணித அறிமுகமும் விகிதமும் வந்துவிடுகின்றன. என்சிஇஆர்டி 2024-ல் வெளியிட்ட ஆறாம் வகுப்பு ‘கணித பிரகாஷ்’ புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் தனிப் பாடம் கிடையாது. எழுத்துகளை எண்களாகக் கையாள்வது ஏழாம் வகுப்பில் தொடங்குகிறது, விகிதசமம் எட்டாம் வகுப்புக்குப் போகிறது. ஆறாம் வகுப்பை என்சிஇஆர்டியில் முடித்துவிட்டு ஏழாம் வகுப்புக்குச் சமச்சீருக்கு மாறும் குழந்தை, முதல் பருவத்திலேயே நேர் விகிதம், எதிர் விகிதத்தில் வந்து முட்டிக்கொள்ளும். அது குழந்தையின் குறை இல்லை, இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. மாறத்தான் வேண்டும் என்றால் இரண்டு புத்தகங்களின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டுப்போகும் பாடங்களைக் குறித்துக்கொண்டு, முதலில் அவற்றை முடித்துவிடுங்கள்.

தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு நான் தயங்காமல் சொல்வது சமச்சீர்தான். கலைச்சொற்கள் தமிழில் கச்சிதமாக இருக்கின்றன, புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. அதில் வரும் தகவல் செயலாக்கம் என்ற பாடத்தைப் பலரும் புரட்டிவிட்டுத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள், வழியைத் தானே தேடிப் பிடிக்கும் பழக்கம் அங்கேதான் வளரும்.

ஆங்கிலவழி என்றால் கணித பிரகாஷ் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் பகா எண் பாடம் இட்லி-வடை விளையாட்டோடு தொடங்குகிறது: மூன்றின் மடங்குக்கு இட்லி, ஐந்தின் மடங்குக்கு வடை, இரண்டுக்கும் பொதுவானதற்கு இட்லி-வடை. பொது மடங்கு என்ற சொல்லை நான் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே, பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து என்று அவளாகவே வரிசை பிடித்துவிட்டாள். தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டுபிடித்த 6174-உம் அதே புத்தகத்தில் உண்டு. 3524-ஐ எடுத்து, அதன் இலக்கங்களால் ஆன பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் 3087. அதையே திரும்பச் செய்தால் 8352, இன்னொரு முறை செய்தால் 6174. அதற்குப் பிறகு நகராது. அன்று சாயங்காலம் வரை கழித்தல் கணக்கு போட்டாள், யாரும் போடச் சொல்லவில்லை. குறை என்றால் பயிற்சிக் கணக்குகள் குறைவு. அதை நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

சிங்கப்பூர் கணிதத்தின் பலம் பார் மாடல், அதாவது கணக்கில் வரும் அளவுகளைப் பட்டைகளாக வரைந்து பார்க்கும் முறை. அண்ணன் தங்கை பணம் 5:3 விகிதத்தில் இருக்கிறது, அண்ணனிடம் 24 ரூபாய் அதிகம், மொத்தம் எவ்வளவு? ஐந்து கட்டம் ஒரு பட்டை, மூன்று கட்டம் இன்னொரு பட்டை. அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கட்டம் 24 என்றால் ஒரு கட்டம் 12, எட்டுக் கட்டம் 96. இதைப் போட்டுப் பழகிய குழந்தைக்குப் பிறகு ‘எக்ஸ்’ வரும்போது பயமே இருக்காது. ஆனால் முழுத் தொகுப்பையும் வரவழைத்தால் செலவு அதிகம். பார் மாடலை மட்டும் நீங்கள் கற்றுக்கொண்டு எந்தப் புத்தகத்தோடும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

பீஸ்ட் அகாடமி, புதிர் என்றால் சோற்றை மறக்கும் குழந்தைக்கு. தப்பாகப் போட்டால் கண்கலங்கும் குழந்தைக்கு இப்போது வேண்டாம். கான் அகாடமி என்ற இணையதளம் இலவசம், பயிற்சிக்கு நன்றாக உதவும். அதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை. திரையில் விடையை மட்டும் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் வந்தால், படி எழுதிப் பழகக் கை மறந்துவிடும்.

தேர்வைப் பற்றிப் பயந்துகொண்டே முடிவெடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்-இல் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யக் குறைந்தது 14 வயது முடிந்திருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. அங்கே கணக்கு கட்டாயப் பாடம் இல்லை என்றாலும், அறிவியல் பக்கம் போக நினைத்தால் எடுத்துவிடுவதே நல்லது. ஆக, பதினொரு வயதுக் குழந்தைக்கு மூன்று ஆண்டுகள் கையில் இருக்கின்றன. அதில் சில மாதங்களைப் பின்னத்துக்காகச் செலவழித்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

பணம் கட்டும் முன் ஒரு பாடத்தை மட்டும் அச்செடுத்து இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். குழந்தைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கும்போதே உங்களுக்கு ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். தினமும் அதை விரித்து உட்காரப் போவது நீங்களும்தான். ஆசிரியர் கையேட்டைத் தனியாகப் படித்துத் தயாராக நேரமில்லாத வீட்டில், கையேட்டை நம்பி எழுதப்பட்ட பாடத்திட்டம் மாதக்கணக்கில் அலமாரியிலேயே கிடக்கும்.

நாங்கள் கணித பிரகாஷை வைத்துக்கொண்டோம். பயிற்சிக்குச் சமச்சீர் ஆறாம் வகுப்புக் கணக்குகளைச் சேர்த்துக்கொண்டோம், விகிதப் பாடத்தையும் அதிலிருந்தே எடுத்தோம். புத்தகத்தில் ஏழாவதாக இருக்கும் பின்னப் பாடத்தை முதலில் தொடங்கினோம். வாரத்தில் ஒரு நாள் பார் மாடல் கணக்கு மட்டும்.