பீட்சா அடுப்பு: கல்லைவிடப் போர்வைதான் கணக்கு

குவிமாடம் பார்க்க அம்சமாக நிற்கும். ரெண்டு மணி நேரம் விறகும் தள்ளியாச்சு. பீட்சாவை உள்ளே விட்டால் மேலே கருகிவிடும், அடி வெள்ளை மாவாகவே கிடக்கும். வீட்டில் கட்டும் விறகடுப்பில் அதிகம் வரும் கோளாறு இதுதான். கட்டியவர் கல்லுக்குக் காசைக் கொட்டிவிட்டு, தரைக்கு அடியில் சூடு இறங்காமல் தடுக்கப் போட வேண்டிய காப்பை விட்டிருப்பார். கான்கிரீட் மேலேயே நேராகக் கல் பாவினால், கல் வாங்குகிற சூட்டையெல்லாம் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எத்தனை கட்டை போட்டாலும் தேறாது.

அளவு முதலில். ஒரு குடும்பத்துக்கும் வந்து போகும் சொந்தபந்தத்துக்கும் உள்விட்டம் 36 அங்குலம் போதும். குவிமாடத்தின் உள் உயரம் 18 அங்குலம். வாயின் உயரம் குவிமாட உயரத்தில் 63 சதவீதம், அதாவது பதினொன்றரை அங்குலத்துக்குள். அகலம் 19, 20 அங்குலம் வைக்கலாம். "பெரிய பாத்திரம் போகணும்" என்று வாயை 14 அங்குலத்துக்கு ஏற்றினால் மேலே சுழல வேண்டிய சூடு அப்படியே வெளியே ஓடும். 8 அங்குலத்துக்கு இறக்கினால் காற்று உள்ளே போகாது, தீ மூச்சுத் திணறிப் புகையும்.

இடம் பார்க்கும்போது நம் ஊர்க் காற்றை மறக்கக் கூடாது. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று விடாமல் அடிக்கும். பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மேற்கே பார்த்த வாய் வைத்தால் ஆடி மாதம் புகையும் சாம்பலும் நம் முகத்துக்குத்தான். கிழக்கே திருப்பினால் ஐப்பசி மழைச் சாரல் உள்ளே இறங்கும். வடக்கு நல்லது. அக்கினி மூலையில்தான் இருக்கணும் என்று பெரியவர்கள் சொன்னால் தாராளமாக அங்கேயே கட்டுங்கள், வாயை மட்டும் வடக்கே பார்க்க வைத்துவிடுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

மொட்டை மாடி வேண்டாம். அடுப்பு, காப்பு, தாங்கும் கான்கிரீட் எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன்னைத் தாண்டும். மாடித் தளத்தில் ஆள், சாமான் சுமைக்கு வழக்கமாகக் கணக்கு வைப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோதான். இது 600-ஐ நெருங்கும்.

தரையில் 5 அடி அகலம், 6 அடி நீளத்துக்கு அடித்தளம். செம்மண் என்றால் ஒன்றரை அடி தோண்டினால் போதும். கரிசல் என்றால் கெட்டி மண் வரும் வரைக்கும் எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் 8 அங்குல ஹாலோ பிளாக் நாலு வரிசை, மேலே 10 மி.மீ. கம்பியை 6 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டி 4 அங்குலக் கான்கிரீட். காப்பும் கல்லும் ஏறிய பிறகு அடுப்புத் தரை சுமார் 43 அங்குல உயரத்தில் வரும். குனியாமல் உள்ளே பார்க்கலாம். கான்கிரீட் போடும்போதே நடுவில் அரை அங்குலக் குழாய்த் துண்டு ரெண்டு செருகி விடுங்கள். பின்னால் ஈரம் வடிய அதுதான் வழி.

இனிதான் அந்தப் போர்வை, அதாவது அடிக்காப்பு. மாடித்தோட்டச் சாமான் விற்கும் கடையில் வெர்மிகுலைட்டோ பெர்லைட்டோ கிடைக்கும், ரெண்டும் சூட்டில் பொரித்தெடுத்த லேசான கனிமப் பருக்கை. பெரிய பருக்கையாகக் கேளுங்கள். அளவுப்படி 5 பங்குக்கு 1 பங்கு சிமெண்ட். 4 அடி வட்டத்துக்கு 4 அங்குலக் கனம் போட 150 லிட்டர் வெர்மிகுலைட், 30 லிட்டர் சிமெண்ட் பிடிக்கும். மிக்சர் மெஷினில் போடாதீர்கள், பருக்கை நொறுங்கிவிடும். பாண்டில் கையால் கிளறி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேர்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் ரெண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. கொத்தனார் இதைத் தள கலவை மாதிரி நினைத்துத் தட்டி அடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்றுதான் காப்பு, அடித்து இறுக்கினால் காற்று போய்விடும்.

கல் வாங்குவதில் கொங்கு நாட்டுக்காரருக்கு ஒரு வசதி. கோவையில் பவுண்டரிகள் இருப்பதால் ஃபயர் பிரிக்ஸ் (சூடு தாங்கும் கல்), ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண் தூள்), செராமிக் பிளாங்கெட் (சூடு காக்கும் பஞ்சுப் போர்வை) மூன்றும் உள்ளூரிலேயே கிடைக்கும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 6 அல்லது ஐ.எஸ். 8 உள்ள கல் போதும். அலுமினா அறுபது, எழுபது சதவீதம் உள்ள கல் "இன்னும் உசத்தி" என்று கடையில் சொல்வார்கள். உருக்கு உலைக்கு உசத்திதான். பீட்சாவுக்கு அது சூட்டை வேகமாகத் தள்ளி அடியைக் கருக்கும்.

கூடவே ஒரு தராசு கொண்டு போங்கள். 9 × 4½ × 3 அங்குல ஃபயர் பிரிக் ஒன்று 4 கிலோ வாக்கில் இருக்கும். ரெண்டு கிலோவுக்குக் கீழே என்றால் அது இன்சுலேஷன் கல். காப்புக்கு ஆகும், தரைக்கு ஆகாது, பீட்சா தள்ளும் துடுப்பு உரசி மாவாகும். ஐந்தரை கிலோவைத் தாண்டினால் மேக்னசைட் கல்லாக இருக்கலாம். சேலத்தில் அந்தத் தாது வெட்டுவதால் பழைய கல் வியாபாரிகளிடம் அது நிறையவே உலவும். சூட்டில் அதிகம் விரியும், சூடும் குளிருமாக மாறி மாறிப் பட்டால் வெடிக்கும். குரோம் கலந்த கல்லாக இருந்தால் சாப்பாட்டுப் பக்கமே கொண்டு வரக் கூடாது. குப்போலாவில் (பவுண்டரியில் இரும்பு உருக்கும் உலை) கழற்றிய, கண்ணாடி மாதிரி கசடு படிந்த கல்லும் வேண்டாம். காங்கேயம் பக்கம் அரிசி ஆலைகளில் உமி எரித்த பழைய பாய்லர் கல் சுத்தமாகக் கிடைத்தால் எடுக்கலாம். தரைக்கு 35, குவிமாடத்துக்கு 80, வாய் வளைவுக்கு 20, வெட்டுச் சேதாரம் எல்லாம் சேர்த்து 150 கல் எடுங்கள்.

சூளைச் செங்கல் ஆகாதா என்றால், வெளி அலங்காரத்துக்கு ஆகும். தரைக்குப் போட்டால் சில மாதத்தில் மேல்தோல் செதில் செதிலாக உரிந்து பீட்சாவில் ஒட்டும்.

தரைக் கல்லுக்குக் கலவை கிடையாது. சலித்த மணலும் ஃபயர் கிளேயும் சமமாகக் கலந்து கால் அங்குலம் பரப்பி, அதன்மேல் கல்லை உலர்வாக நெருக்கி அடுக்க வேண்டும். வாய்க்கு நேராக இல்லாமல் 45 டிகிரி சாய்த்து அடுக்கினால் துடுப்பு நுனி கல் விளிம்பில் இடிக்காது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தூக்கல்கூட பச்சை மாவைக் கிழிக்கும்.

குவிமாடத்துக்குக் கலவை: சலித்த பி-சாண்ட் (பூச்சு மணல்) 3 பங்கு, சிமெண்ட் 1, நீர்த்த சுண்ணாம்புத் தூள் 1, ஃபயர் கிளே 1. வெறும் சிமெண்ட் கலவை நானூறு டிகிரிக்கு மேல் பிடிப்பை இழக்கும். சுண்ணாம்பும் கிளேயும்தான் பிறகு தாங்கும். கல்லைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டு டைமண்ட் பிளேடில் வெட்ட வேண்டும், மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பகை.

மண் குவித்து அதன்மேல் அடுக்குவதைவிட, சுழலும் அளவுகோல் ஒன்று செய்துகொள்வது மேல். தரை நடுவில் ஒரு பலகை, அதில் எப்பக்கமும் திரும்பும் சின்னச் சக்கர ஸ்டாண்ட் ஒன்றைத் திருகி, அதிலிருந்து ஒரு கம்பி. கம்பி நுனியில் ‘எல்’ ஆங்கிள். அதில் கல்லின் உள்பக்க முகம் ஒட்டி நின்றால் தூரமும் சாய்வும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். சுழலும் புள்ளி தரையிலிருந்து ரெண்டு அங்குலம் உயர்ந்திருந்தால் உச்சி 20 அங்குலத்துக்குப் போய்விடும், எனவே மேலே போகப் போகக் கம்பியை அந்த அளவுக்குக் குறைக்கிற மாதிரி திருகு நட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியை மூடும் சாவிக்கல்லை விட்டுவிட்டால் ஒன்பது வரி வரும். உள்பக்க இடுக்கு 3 மி.மீ.; வெளிப்பக்கம் ஒரு அங்குலம்போல விரியும், அங்கே கல் சில்லைச் செருகிக் கலவை திணிக்க வேண்டும். முதல் நாலு வரி தானாக நிற்கும். அஞ்சாவதிலிருந்து கல் வழுக்கும். கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் கலவை உடனே கவ்வும். அப்படியும் நிற்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபைக் கல்லின் மேல் போட்டு, மறுநுனியில் அரைக் கல்லைக் கட்டி வெளியே தொங்க விடுங்கள். வரி ஒரு சுற்று முடிந்து இறுகிவிட்டால் அப்புறம் விழாது. மேல் மூன்று வரிக்கு மட்டும் கல்லைப் பக்கவாட்டில் சீவ வேண்டியிருக்கும். செங்குத்து இடுக்குகள் கீழ்வரியோடு நேராக வந்தால் விரிசல் அந்த வழியே ஓடும், மாற்றி மாற்றி வையுங்கள்.

புகைபோக்கி குவிமாடத்தின் உச்சியில் இல்லை, வாய்க்கு முன்னால். 6 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், மூன்று அடி, மேலே தொப்பி. ஜி.ஐ. குழாய் வேண்டாம், துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகும்.

இனி பொறுமை. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள், பிறகு பத்து நாள் நிழலில் காயட்டும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். கல்லுக்குள் அடைபட்ட ஈரத்துக்குத் திடீரென்று தீ வைத்தால் குவிமாடம்தான் பிளக்கும். முதல் நாள் கரியை மட்டும் போட்டு ஆறு மணி நேரம் 100 டிகிரி. அடுத்த நாள் 150, பிறகு 200, 250, 300. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். இந்த நாட்களிலேயே பிளாங்கெட்டைக் குவிமாடத்தின் மேல் போட்டுவிடலாம். 25 மி.மீ. கனம், 128 டென்சிட்டி (கன மீட்டருக்கு 128 கிலோ). மூன்று சுற்று வேண்டும், ஒரு ரோல் ரெண்டு சுற்றுக்கு நெருக்கிப் பிடித்து வரும். கையுறையும் மாஸ்க்கும் போடாவிட்டால் ரெண்டு நாள் அரிக்கும். ராத்திரி அதன்மேல் பாலித்தீன் தாள் விரியுங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. துளி இல்லாத நாளில்தான் கோழி வலை கட்டி, வெர்மிகுலைட் கலவை ஒரு அங்குலம், மேலே பூச்சு. பிளாங்கெட் கட்டுப்படியாகாதவர்கள் சுற்றிலும் சுவர் எழுப்பி, இடைவெளியில் அரிசி ஆலை உமிச் சாம்பலை எட்டு அங்குலம் நிரப்பலாம். காப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஒரு சொட்டு மழை இறங்கக் கூடாது.

உள்ளே மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும், கவலை வேண்டாம். ரெண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்து, கல்லும் அசைந்தால்தான் பார்க்கணும்.

விறகு, காய்ந்த வேலங்கட்டை, புளி, மா எதுவும் ஆகும். பற்றவைக்கத் தென்னம்பாளையும் கொட்டாங்குச்சியும். கொட்டாங்குச்சியை மட்டுமே போட்டால் குபீரென்று எரிந்து எண்ணெய்ப் புகை கட்டும். பிளைவுட், பெயிண்ட் அடித்த சட்டம் கூடவே கூடாது. 12 முதல் 15 கிலோ, ஒன்றரையிலிருந்து ரெண்டு மணி நேரம். முதலில் உட்புறம் முழுக்கக் கரி படிந்து கருப்பாகும், பிறகு உச்சியிலிருந்து கரி எரிந்து கல் வெளுத்துக்கொண்டே இறங்கும். பக்கச் சுவரும் வெளுத்த பிறகு தணலை ஒரு ஓரம் தள்ளி, தரையை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, பத்து நிமிடம் விடுங்கள். தரை 400 டிகிரியை ஒட்டி இருந்தால் நாப்போலி முறைப் பீட்சா 60 முதல் 90 வினாடியில் வெந்துவிடும். உச்சி வெளுத்தும் தரை 250-ஐத் தாண்டவில்லை என்றால் அடிக்காப்பில் ஈரம் இருக்கிறது. இன்னும் ரெண்டு மூன்று தீ போட்டால் சரியாகும். சரியாகவில்லை என்றால் காப்பே போடவில்லை, கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்த்திகை மழை ஓய்ந்து முதல் தடவை பற்றவைக்கும்போது அடுப்பைப் புதுசு மாதிரி நடத்துங்கள். முதல் நாள் 150 டிகிரிச் சின்னத் தீ, மறுநாள் பீட்சா.