ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு

என் அலமாரியில் இரண்டு இசைத்தட்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று 2007இல் வந்த கரிபூவின் 'அண்டோரா'. மற்றொன்று 2011இல் வந்த டாஃப்னியின் 'யே யே'. பெயர்கள்தான் இரண்டு, ஆள் ஒருவரே: கனடாவில் வளர்ந்து லண்டனில் வாழும் டான் ஸ்நைத். என் தம்பிக்கு 'அண்டோரா' என்றால் உயிர். 'யே யே'வை வைத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான். நல்ல பாடகர் ஒருவரை நடன இசை விழுங்கிவிட்டது என்பது அவன் வாதம். என் தரப்பை அவனிடம் ஒருமுறையும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

'அண்டோரா'வின் அழகில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. அறுபதுகளின் சைக்கடெலிக் பாப், அதாவது கனவு மயக்கம் போன்ற ஒலிகள் நிறைந்த பாப் இசை, அதன்மீது பைத்தியமாக இருந்த ஒருவர் தனியாக உட்கார்ந்து குரல்மேல் குரல் அடுக்கிக் கட்டிய தொகுப்பு அது. 'மெலடி டே' தொடங்கும்போது டிரம்ஸ் உருண்டு வருவதைக் கேட்டால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கும். 2008இல் சிறந்த இசைத்தொகுப்புக்கான கனடாவின் போலாரிஸ் பரிசு அதற்குக் கிடைத்தது. ஆனால் தம்பி ஒருநாளும் கடைசிப் பாட்டு வரை பொறுத்திருக்க மாட்டான். 'நயோபியம்' என்ற அந்தப் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. அதில் பாப் பாட்டின் கட்டுக்கோப்பு மெல்லத் தளர்ந்து, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலிகள் குமிழ் குமிழாக மேலே வருகின்றன. நடன இசையை நோக்கி அவர் கிளம்பிவிட்டார் என்பது அங்கேயே தெரிகிறது.

2010இல் கரிபூ பெயரில் 'ஸ்விம்' தொகுப்பு வந்தது. அந்தக் காலத்தில்தான் அவர் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தார். தண்ணீரால் ஆன நடன இசை ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. கேட்டுப் பாருங்கள், ஒலி ஓரிடத்தில் நிற்காமல் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு அலைந்துகொண்டே இருக்கும். 'சன்' பாட்டுக்கு வரிகளே கிடையாது. அந்த ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரும். இத்தனைக்கும் இவர் இம்பீரியல் கல்லூரியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

'யே யே' எனக்குக் கிடைத்தது லண்டனில். வேலை நிமித்தம் போயிருந்தபோது, சோஹோவில் ஒரு சிறிய கடையின் பழைய தட்டுப் பெட்டியில் கண்ணில் பட்டது. ஃபோர் டெட் என்ற பெயரில் இசைக்கும் கீரன் ஹெப்டன் தன் 'டெக்ஸ்ட்' நிறுவனத்தில் வெளியிட்ட பன்னிரண்டு அங்குலத் தட்டு அது. ஒரு பக்கம் அவருடைய 'பினாக்கிள்ஸ்', மறுபக்கம் 'யே யே'. பக்கத்துக்கு ஒரே பாட்டு. இந்தத் தாராளத்துக்குக் காரணம் உண்டு. பேஸ் என்ற தாழ்ந்த ஒலி ஆழமாக இருந்தால் தட்டில் வெட்டப்படும் வரி, அதாவது ஊசி ஓடும் பள்ளம், இடமும் வலமுமாக அகலமாக வளையும். இருபது நிமிடத்தை ஒரு பக்கத்தில் அடைக்க வேண்டுமென்றால் வரிகளை நெருக்க வேண்டும், பேஸைக் குறைக்க வேண்டும், ஒலியளவையும் தாழ்த்த வேண்டும். ஒரே பாட்டு என்றால் வரிகள் தாராளமாகப் பரந்து படுத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். என் பழைய ஸ்பீக்கரிலேயே 'யே யே'வின் பேஸ் தரை வழியாகக் கால் பாதத்துக்கு வந்து சேருகிறது.

அந்த நாட்களில் ஸ்நைத் டாஃப்னி பாட்டுகளை வேகமாகச் செய்தார், அடுத்த டிஜே இரவில் போட்டுப் பார்ப்பதற்காக. லண்டனில் பிளாஸ்டிக் பீப்பிள் என்றொரு கிளப் இருந்தது. அடித்தளத்தில் இருட்டான சிறிய கூடம், அசாத்தியமான ஒலியமைப்பு. 2015இல் அதை மூடிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஓர் அறைக்காகச் செய்த இசைக்குக் கொஞ்சம் தட்டுகளே போதும். பெரிய நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, வானொலிக்கு ஏற்றபடி நறுக்க வேண்டியதில்லை. குறைந்த பிரதிகளை நான் மதிப்பது இந்தச் சுதந்திரத்துக்காக மட்டுமே. அரிதானது என்று பதுக்கிவைத்து மும்மடங்கு விலை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வேறொரு டாஃப்னி தட்டுக்கு அப்படி ஒரு விலை கேட்டார்கள், வாங்காமலே வந்துவிட்டேன். நல்லவேளையாக 2012இல் 'ஜியாவோலாங்' தொகுப்பில் 'யே யே'வையும் சேர்த்து, எல்லோரும் கேட்கும்படி செய்துவிட்டார் ஸ்நைத்.

அந்தத் தொகுப்பின் முதல் பாட்டு 'யெஸ், ஐ நோ'. சிந்தசைசரின் உறுமலுக்கு நடுவே திடீரென்று ஒரு பழைய சோல் குரல் முழங்குகிறது. அது பட்டி மைல்ஸின் குரல். சைக்கடெலிக் காலத்தின் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அவர். சைக்கடெலிக் காலத்தை ஸ்நைத் கைவிட்டுவிட்டார் என்று தம்பி சொல்லும்போதெல்லாம் இந்தப் பாட்டைத்தான் வைக்கிறேன். கைவிட்டவர் எதற்காக அந்தக் குரலைத் தூக்கி நடனக் கூடத்தின் நட்டநடுவில் வைக்க வேண்டும்? போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை, ஆனால் இந்த முறை அவன் அறையை விட்டுப் போகவில்லை.