ரெண்டு சுழியா, மூணு சுழியா? ஒரு மானிட்டர் வாங்கிய அனுபவம்

மூன்று வாரம், கடைக்கு ஐந்து நடை, இரண்டு மானிட்டர், வீணாக வாங்கிய ஒரு கேபிள். நேற்றுதான் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு இதில் ரெண்டு நடையாவது மிச்சமானால் சரி.

வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். லேப்டாப் திரையில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதால், அகலத் திரை ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினேன். இடப்பக்கம் மூலப்பிரதி, வலப்பக்கம் அச்சுப்பக்கம், இதுதான் தேவை. 34 அங்குலத்தில் நீளமாக வரும் 21:9 திரையையும் யோசித்தேன். அகலம் கிட்டத்தட்ட 80 செ.மீ. ஆனால் உயரம் சாதாரண 27 அங்குலத் திரையின் உயரம்தான். என் மேசை தாங்காது என்று அதை விட்டுவிட்டேன்.

கடையில் எல்லாத் திரையிலும் பூவும் கடலுமாக வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. 27 அங்குலம், ஃபுல் எச்டி ஒன்றைக் காட்டி, "பெரிய திரைன்னா எழுத்தும் பெரிசா தெரியும் மேடம், கண்ணுக்கு நல்லது" என்றார் விற்பனைப் பையன். நம்பி வாங்கிவிட்டேன். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்ல அப்போது தோன்றவில்லை. இன்றுவரை மனசு ஆறாதது அதற்குத்தான்.

வீட்டில் இணைத்து, கையில் இருந்த நாவலின் கோப்பைத் திறந்தேன். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் பிசிறு. 'ண'வின் மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 'ன' மாதிரி தெரிந்தது. 'ண்' மேலே இருக்கும் புள்ளி, எழுத்தின் தலையோடு சேர்ந்து சாம்பல் நிறத் திட்டாகக் கிடந்தது. 'கண்ணன்' என்ற சொல்லை மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்ய முடிந்தது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா என்பதில் சந்தேகம் வந்தால் வேலையே நின்றுபோகும்.

காரணம் எளிமையானது. ஃபுல் எச்டி என்றால் திரையில் 1920 × 1080 ஒளிப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள். திரை 24 அங்குலமானாலும் 27 ஆனாலும் எண்ணிக்கை அதேதான். 24-இல் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி வரும். 27-இல் அது 82 ஆகக் குறைந்து, ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகிவிடும். வீடியோவுக்கு இது உறுத்தாது. நேர்க்கோடுகள் அதிகமுள்ள ஆங்கில எழுத்தும் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். சுழியும் வளைவும் புள்ளியுமாக இருக்கும் நம் எழுத்துதான் முதலில் அடிவாங்குகிறது. திரையைக் கடைக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், கணினி 1920 × 1080-இல்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். அதைவிடக் குறைத்து வைத்திருந்தாலும் எழுத்து மங்கும். நான் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப் அமைப்பையும் சரிசெய்து பார்த்தேன், பயனில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனது அடுத்த கொடுமை. முதல் தடவை, உள்ளே இருந்த தெர்மாகோலில் ஒரு துண்டு இல்லை என்று பெட்டியைத் திறந்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வீட்டுக்கு. துண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மறுநாள் போனால் வேறொருவர் இருந்தார்.

"படம் வருதில்ல? கோடு எதுவும் விழலையே? அப்ப இதுல குறை இல்லைங்க மேடம்."

"தம்பி, படம் வருது. எழுத்துதான் வரலை. நீங்களே படிச்சுப் பாருங்க."

லேப்டாப்பையும் கேபிளையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அங்கேயே இணைத்து அந்த நாவல் பக்கத்தைத் திறந்து, "இது கண்ணனா, கன்னனா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மேலாளரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்து பார்த்தார். வித்தியாசத் தொகையைக் கட்டினால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். மாற்றிக்கொள்ளும் கெடு முடிய ஒரே நாள்தான் இருந்தது. அதனால் சொல்கிறேன், பில்லையும் தெர்மாகோலையும் கெடு முடியும்வரை ஒரே இடத்தில் வையுங்கள்.

இந்தத் தடவை ஏமாறவில்லை. வீடியோவை நிறுத்தச் சொல்லி, பென்டிரைவில் கொண்டுபோயிருந்த என் பக்கத்தையே ஒவ்வொரு திரையிலும் திறந்து, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்று படித்தேன். 27 அங்குலத்தில் 2560 × 1440 என்றால் அங்குலத்துக்கு 109 புள்ளி. பெரும்பாலான வீட்டு வேலைக்கு இதுவே தாராளம். 4கே, அதாவது 3840 × 2160 என்றால் 163. சுழி மூன்றும் தனித்தனியாக, அச்சில் பார்க்கிற மாதிரி இருந்தது. என் பிழைப்பு எழுத்து என்பதால் 4கே எடுத்தேன். திரைப் பலகையிலும் வகை உண்டு. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தாலும் பக்கவாட்டில் நின்றால் வெளுத்தது, அதனால் பக்கவாட்டிலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எச்டிஎம்ஐ கேபிளை மாட்டினேன். எழுத்து கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் மௌஸை நகர்த்தினால் அம்பு பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தது, பக்கத்தை உருட்டினால் தத்தித் தத்தி நகர்ந்தது. இதுவும் போச்சா என்று வயிறு கலங்கிவிட்டது. கடைக்குப் போன் செய்தால், "கேபிள் சரியில்லை, புதுசு வாங்குங்க" என்றார்கள். போய் வாங்கி வந்தேன். அதே இழுப்பு.

டிஸ்ப்ளே அமைப்பில் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. திரை 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தவறு கேபிளிலும் இல்லை, மானிட்டரிலும் இல்லை. என் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வாய் 1.4 வகை. அதனால் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்ப முடியாது. 60 வேண்டுமானால் 2.0 இருக்க வேண்டும். அது 2013-லேயே வந்துவிட்டது, ஆனாலும் அதற்குப் பிறகு வந்த பல லேப்டாப்களிலும் பழைய வாய்தான். 4கே வாங்குவதற்கு முன் உங்கள் லேப்டாப்பின் விவரத்தாளில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள். கடையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் யுஎஸ்பி-சி வாய் ஞாபகம் வந்தது. போன் சார்ஜர் கேபிளை மாட்டினால் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. பல சார்ஜர் கேபிள்களில் படத்தைக் கொண்டுபோகும் கம்பியே கிடையாது. வாயும் எல்லாம் ஒன்றில்லை, சிலவற்றில்தான் படம் வெளியே வரும். டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய்க்குப் பக்கத்தில், அரிசி அளவில், படம் வெளியே வரும் என்பதைக் காட்டும் டிஸ்ப்ளேபோர்ட் குறி இருந்தது. இத்தனை வருஷம் அதன்மேல்தான் கை வைத்து வேலை செய்திருக்கிறேன்! ஐந்தாவது நடை போய், யுஎஸ்பி-சியிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் வாய்க்குப் போகும் கேபிள் வாங்கி வந்தேன். 60 ஹெர்ட்ஸ். அம்பு கையோடு ஓடியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. எழுத்தளவை 150 சதவீதம் வைத்தேன். விளக்கை அணைத்து, திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிச் செத்த புள்ளி, அதாவது நிறம் மாறாமல் நின்றுபோன பிக்சல், இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. இதை முதல் நாளே செய்துவிடுங்கள். ஒன்றிரண்டு புள்ளி செத்தால் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளாத உத்தரவாதம்தான் அதிகம். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்திருந்த திரை வெளிச்சம் கண்ணைக் குத்தியது, பாதிக்கும் கீழே இறக்கினேன். ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயுமே தவிர உயராது. பின்னால் 100 × 100 மி.மீ. இடைவெளியில் நான்கு துளை இருப்பதால் பிறகு கை ஸ்டாண்ட் மாட்டிக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு மரப்பலகை கொடுத்து, திரையின் மேல் விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தேன்.

நேற்று இரவு, பழைய திரையில் பார்த்து முடித்திருந்த முப்பது பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். 'மணம்' வர வேண்டிய இடத்தில் 'மனம்', 'அன்ணன்' என்று ஒன்று, விழுந்துபோன புள்ளிகள் இரண்டு. நான்கையும் திருத்தி, காலையில் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். கோப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம்.