எல்லா ஊசியும் போட்டாச்சு

"அந்த ஊசிய உங்க பாப்பாவுக்குப் போட்டுட்டீங்களா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டார். "எல்லா ஊசியும் போட்டாச்சும்மா" என்றேன். அவர் மடியிலிருந்த பீடி முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துபோய், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஊசி அட்டையை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "இவனுக்கும் எல்லா ஊசியும் போட்டாச்சு மேடம், ஒண்ணுகூட விடல." நான் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன், தலையசைத்தேன். நடந்தது இவ்வளவுதான். 2018-இல், குழந்தைகளின் மூக்கிலுள்ள ஒரு கிருமியைப் பற்றிய ஆய்வுக்காகப் போயிருந்த வீட்டில் அரை நிமிடத்துக்குள் முடிந்துபோன ஒரு பேச்சை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுத உட்காருவது மிகை என்று எனக்கே தோன்றிய நாள்கள் உண்டு.

நான் சொன்னது பொய்யில்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். என் மகளுக்கு உண்மையிலேயே எல்லா ஊசியும் போடப்பட்டிருந்தது. அவர் சொன்னதும் பொய்யில்லை. அரசு அட்டையில் அந்த வயதுக்கு அச்சிடப்பட்டிருந்த கட்டங்கள் அனைத்திலும் நர்சம்மாவின் கையெழுத்தில் தேதி இருந்தது. பி.சி.ஜி., போலியோ, ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியான பென்டாவேலண்ட் மூன்று தவணை, ஒன்பதாம் மாதத் தட்டம்மை - ரூபெல்லா. குழந்தைகளின் நுரையீரலையும் மூளையுறையையும் தாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான ஹிப் கிருமிக்கான பாதுகாப்பும் கக்குவானுக்கான பாதுகாப்பும் அந்தப் பென்டாவேலண்டுக்குள்ளேயே இருக்கின்றன. 2011 டிசம்பரில் அது இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தபோது, நாட்டிலேயே முதலில் பெற்ற மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்தான். ஆகவே அந்தத் தாயின் பெருமிதத்துக்கு எல்லா நியாயமும் இருந்தது.

ஆனால் அவர் கேட்டது ஒரு ஊசியைப் பற்றி. நான் பதில் சொன்னது எல்லா ஊசிகளையும் பற்றி. நியூமோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி பிற்காலத்தில் அரசுத் திட்டத்தில் வரக்கூடும் என்றும், அதற்கு முன்பு இப்பகுதிக் குழந்தைகளின் மூக்கில் அக்கிருமியின் எந்தெந்த வகைகள் இருக்கின்றன என்று பார்க்கிறோம் என்றும் எங்கள் களப்பணியாளர் சற்று முன்புதான் ஒப்புதல் படிவத்திலிருந்து அவருக்கு விளக்கியிருந்தார். "அந்த ஊசி" என்று அவர் சுட்டியது அதைத்தான். அதை "எல்லா ஊசியும்" என்று நான் விரித்த கணத்தில் அந்த ஒன்று கூட்டத்தில் கரைந்துபோனது. அவரும் என் சொற்களையே எடுத்துக்கொண்டு தன் பிள்ளைக்கும் அதே "எல்லாம்" ஆகிவிட்டது என்று நிம்மதியடைந்தார். அந்த நிம்மதியைக் கையில் கொடுத்தது நான்தான். தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து என் மகளுக்கு அந்த ஊசியைப் போட்டிருந்தேன் என்பதையும், அவருடைய அட்டையில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை என்பதையும் அந்த நேரத்தில் அந்த அறையில் அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் ஆய்வைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், அதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான். நியூமோகாக்கஸ் மூக்கின் பின்புறத்தில் குடியிருப்பது நோயன்று. நம் ஊர்களில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள்ளேயே வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்கிறார்கள், சில வாரங்களில் ஒரு வகை போய் இன்னொன்று வந்து சேர்கிறது, யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. அவர்களில் மிகச் சிலருக்கே அது நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ மூளையுறைக்கோ போய்ச் சேர்கிறது. அந்தக் கிருமியின் சர்க்கரை உறையை வைத்து ஏறத்தாழ நூறு வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அப்போது குழந்தைகளுக்குப் போடப்பட்ட தடுப்பூசியோ அவற்றில் பத்து, பதின்மூன்று என்று சிலவற்றுக்கு எதிராகத்தான் வேலை செய்தது. குழந்தைகளுக்கான முதல் ஊசி, ஏழு வகைகளுக்கு எதிரானது, 2000-இல் அமெரிக்காவில் வந்தபின் அந்த ஏழும் பெருமளவு மறைந்தன; ஊசி போடாத முதியவர்களிடம்கூட அவற்றால் வரும் நோய் குறைந்தது; ஆனால் காலியான இடத்தில் 19ஏ என்ற வகை வந்து உட்கார்ந்தது. ஆகவே ஒரு பகுதியில் ஊசி வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், பின்னால் என்ன மாறியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த முன்கணக்கை எடுப்பதுதான் எங்கள் வேலை.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். எங்களுக்கு ஊசி போடாத குழந்தைகள் தேவைப்பட்டார்கள்.

இந்த வாக்கியத்தை எழுதியபின் அது நேர்மையற்றது என்று படுகிறது. அவர்கள் ஊசி போடாமல் இருந்தது எங்களால் அன்று. 2017-இல் அத்தடுப்பூசி அரசுத் திட்டத்தில் நுழைந்தபோது இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் சில மாவட்டங்களிலும்தான் தொடங்கியது; பின்னர் மத்தியப் பிரதேசமும் ராஜஸ்தானும் சேர்ந்தன. கிடைக்கும் தவணைகள் குறைவாக இருக்கும்போது, குழந்தைகள் அதிகம் இறக்கும் மாநிலங்களுக்கு அவை முதலில் போவதை யாரால் மறுக்க முடியும்? ஹிப் ஊசிக்கு வரிசையின் தலையில் நின்ற தமிழ்நாடு, குழந்தை இறப்பைக் குறைத்துக்கொண்ட காரணத்தாலேயே இதற்குக் காத்திருக்க நேர்ந்தது. கொள்கை என்ற அளவில் இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பீடி முறத்தின் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தபோது கொள்கை என் உதவிக்கு வரவில்லை.

அப்படியானால் நான் ஏன் சொல்லவில்லை? நெடுங்காலம் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட விடை, விதி என்னைத் தடுத்தது என்பது. பயிற்சியின்போது எங்கள் மூத்த மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: எந்தக் குடும்பத்தையும் எதையும் வாங்கச் சொல்லாதீர்கள், நாம் ஊசி விற்க வந்தவர்கள் என்று ஆகிவிடும். நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. "அவங்களா கேட்டா உள்ளதைச் சொல்லணும்" என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அந்தப் பெண் கேட்டார். விதியின்படியே பார்த்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

எனவே விதியை விட்டுவிட்டு அடுத்த விடைக்கு வருகிறேன்: பணம். அந்த வயதில் தொடங்கினால் மூன்று தவணை. பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். சொல்லியிருந்தால் அவர் கடன் வாங்கியிருப்பார், அல்லது வாங்க முடியாமல் ஒவ்வொரு சளிக்கும் இருமலுக்கும் அந்த ஊசியை நினைத்துக் கலங்கியிருப்பார். எட்டாத ஒன்றைக் காட்டிவிட்டு வருவது இரக்கமா என்று கேட்டுக்கொள்வேன். கேட்ட கையோடு, அவருக்கு எட்டாது என்று முடிவு செய்ய நான் யார் என்ற கேள்வியும் வந்துவிடும். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் பெண்கள் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அடகு வைக்கலாமா வேண்டாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அவர் சார்பில் அதை நான் எடுத்ததோடு, அப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

இவை இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் உண்மையான காரணமோ என்று இப்போது சந்தேகிக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டேன், உங்கள் பிள்ளையின் மூக்கில் குச்சியை விட்டுக் கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்ல நாக்கு வரவில்லை. இதில் வேடிக்கை, ஆய்வகத்தில் அரைகுறை விடையை நான் பொறுத்துக்கொண்டதே இல்லை. கிருமி வளர்க்கும் ஆட்டு ரத்த அகார் தட்டில் வளர்பவற்றிலிருந்து ஒரே ஒரு காலனியை, அதாவது ஒரு கிருமித் திட்டை, எடுத்து வகை பார்த்தால் போதும் என்று சொன்னவர்களோடு அந்த ஆண்டு முழுவதும் வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தையின் மூக்கில் இரண்டு வகைகள் இருந்து, அவற்றில் ஒன்று பத்தில் ஒரு பங்கே இருக்குமானால், ஒரு காலனியை மட்டும் எடுப்பவர் பத்தில் ஒன்பது முறை அதைத் தவறவிடுவார், ஐந்து எடுத்தாலும் பாதிக்கு மேல் தவறத்தான் செய்யும் என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் களப்பணியாளரிடம் கேட்டேன். அவர் அந்த ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். "நீங்க சொன்னதுல தப்பென்ன மேடம்? போட்டாச்சுன்னுதானே சொன்னீங்க" என்றார். அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் இது அன்றே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் இதனோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஒன்பது வகைகளுக்கான ஊசியைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியா 37 சதவீதமும், எக்காரணத்தாலும் நேரும் இறப்பு 16 சதவீதமும் குறைந்தன. அந்த 16-ஐ எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். பாதிக் குழந்தைகளுக்கு வெற்று ஊசி போட்டதால்தான் அந்த எண் கிடைத்தது. அந்த நாட்டுக்கு நியூமோகாக்கஸ் தடுப்பூசி வந்து சேர 2009 ஆனது. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து இல்லை என்பது அந்தத் தாய்மார்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எங்களுடையதோ வெறும் கண்காணிப்பு, யாரிடமிருந்தும் எதையும் நாங்கள் பறிக்கவில்லை. இதை எண்ணி ஆறுதல் அடைவதா, சொல்வது அவ்வளவு எளிதாக இருந்தும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வதா என்பது எனக்கு ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் இருக்கிறது.

அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆய்வு முடியும்வரை மூன்று முறை அவனைப் பார்த்தோம். கடைசி முறை நான் மாதிரி எடுத்தபோது என் கையைத் தட்டிவிட்டு ஓடினான். ஒன்றும் ஆகாததால் நான் செய்தது சரியாகிவிடாது. ஏதேனும் ஆகியிருந்தாலும், மூன்று தவணை போட்டிருந்தால் அது நின்றிருக்குமா என்று தனியொரு குழந்தையைப் பற்றி எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. 2021 ஜூலையில் தமிழ்நாட்டில் அந்த ஊசி இலவசமாக வந்தது; ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. அப்போது அவனுக்கு மூன்று வயது கடந்திருந்தது. நோய் அதிகம் தாக்கும் முதல் இரண்டு ஆண்டுகளை அவன் ஊசி இல்லாமலேயே தாண்டிவிட்டான். இப்போது அட்டையில் அதற்குத் தனிக் கட்டங்கள் இருக்கின்றன.

சென்ற ஆண்டு, பழைய கிருமிகளின் மரபணு வரிசையைப் படிப்பதற்காக, மைனஸ் எழுபது டிகிரியில் வைத்திருந்த குப்பிகளை எடுத்து மறுபடி வளர்க்க வேண்டியிருந்தது. பட்டியலில் அவனுடைய ஆய்வு எண்ணும் இருந்தது. நூற்றுக்கணக்கான எண்களில் அது மட்டும் எனக்கு மனப்பாடம். பால் கலந்த அந்தக் கரைசலை உருகவிட்டுத் தட்டில் தேய்த்தேன். மறுநாள் பச்சை விளிம்போடு காலனிகள் வந்திருந்தன, நடுவில் குழி விழுந்து, புத்தகத்தில் இருப்பதைப் போலவே. ஐந்து எடுத்தேன். நுண்ணோக்கியின் கீழே, வகையைக் காட்டிக்கொடுக்கும் சீரத்தைச் சேர்த்ததும் உறை பருத்துத் தெரிந்தது; ஐந்தும் 19எஃப், ஊசி தடுக்கும் வகைகளில் ஒன்று. பதிவேட்டில் எழுதப் போனபோது, நியூமோகாக்கஸ் தடுப்பூசி என்ற கட்டத்தில் "இல்லை" என்று 2018-லேயே நிரப்பப்பட்டிருந்ததைப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது, தேதியைப் பார்த்தால், அந்த வீட்டிலிருந்து திரும்பிய அன்று மாலை எழுதியது.