கேமரா நல்லாருக்கா, டிஸ்ப்ளே நல்லாருக்கா?

புது போன் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது "கேமரா சூப்பர்". அந்தப் பெருமையில் பாதி டிஸ்ப்ளேவுக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி. சந்தேகமிருந்தால் பழைய போனில் எடுத்த படத்தைப் புதியதிலும், புதியதில் எடுத்ததைப் பழையதிலும் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிள் போட்டு ஏற்றுங்கள்.

எங்க கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உச்சி வெயிலில் நானும் மச்சானும் இதைச் செய்து பார்த்தோம். அவனுடையது புதுசு, என்னுடையது 2018 வாக்கில் வந்த எல்சிடி திரை உள்ள பட்ஜெட் போன். கரையில் ஏற்றி வைத்திருந்த நீல ஃபைபர் படகு, அதன் நிழலில் குவித்துப் போட்ட வலை. என் போனில் வலை வெறும் கறுப்பு மூட்டை, வானம் வெள்ளை. அவன் படத்தில் வலைக்கண்ணி, மிதவை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது, வானமும் நீலமாகவே இருந்தது. இது நிஜமாகவே கேமராவின் வேலை. ஆனால் என் படத்தை அவன் போனில் திறந்ததும், "மச்சான், இது உன் போன்ல எடுத்ததா?" என்று அவனே கேட்டான். வலை அப்பவும் கறுப்புதான், ஆனால் படகின் நீலம் வேறு மாதிரி ஜொலித்தது. அவன் படமோ என் போனில் சப்பென்று இருந்தது.

காரணம் எளிது. எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும், அதனால் கறுப்பும் கொஞ்சம் சாம்பலாகத்தான் தெரியும். அவன் போனில் உள்ள ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது ஒவ்வொரு புள்ளியும், தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே போய்விடும். அப்புறம் பிரகாசம். 2022-ல் வந்த ஐபோன் 14 ப்ரோ வெளியில் 2000 நிட்ஸ் (திரைப் பிரகாசத்தை அளக்கும் அலகு) வரை போகும், 2024-ன் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 2600. இவை உச்ச அளவுகள், நாள் முழுக்கத் திரை அப்படி எரியாது. எனக்கு அந்த எஸ்24 அல்ட்ராவில் பிடித்தது பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடிதான், ஏனென்றால் நம்ம ஊர் வெயிலில் திரையில் நம் மூஞ்சியே தெரிந்தால் எத்தனை நிட்ஸ் இருந்து என்ன பிரயோஜனம்?

கேமராவில் வருடா வருடம் பெரிய பாய்ச்சல் எல்லாம் கிடையாது. 2018-லிருந்து 2020 வரை வந்த கூகுளின் பிக்சல் 3, 4, 5 போன்கள் மூன்றிலும் முக்கிய கேமராவுக்கு ஏறக்குறைய ஒரே 12 மெகாபிக்சல் சென்சார்தான் (ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லு). அடுத்தடுத்துப் பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருளை வைத்தே ஓட்டினார்கள், நன்றாகவும் ஓட்டினார்கள். 2021-ல் பிக்சல் 6 வந்தபோதுதான் பரப்பளவில் சுமார் மூன்று மடங்கு பெரிய 50 மெகாபிக்சல் சென்சார் வந்தது. அதிலும் நான்கு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கி 12 சொச்சம் மெகாபிக்சல் படமாகத்தான் தரும். ஆக, விளம்பரத்தில் போடும் மெகாபிக்சலை விட்டுவிட்டு சென்சார் எவ்வளவு பெரிசு என்று கேளுங்கள்.

ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ராத்திரி சாமி புறப்பாட்டைப் புது போனில் எடுத்தால், தீவட்டி வெளிச்சத்தின் மஞ்சளை வெளுத்து, இருட்டைத் துடைத்து, மத்தியானம் மாதிரி ஆக்கிவிடுகிறது. நைட் மோடை அணைத்துவிட்டு எடுப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

என்னைக் கேட்டால் மூன்று நான்கு தலைமுறை தாண்டி மாற்றினால் போதும். புதுச்சேரி நேரு வீதியோ நம்ம லாரன்ஸ் ரோடோ, எங்கே வாங்கினாலும் போனைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். ஏசிக்குள் எல்லா டிஸ்ப்ளேயும் அழகுதான். மச்சான் எப்படியும் அடுத்த மாடல் வந்ததும் மாற்றிவிடுவான். இதை விற்பதாக இருந்தால் எனக்கே கொடு என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், விலைதான் இன்னும் படியவில்லை.