அஞ்சு பேருக்கு ஏழு சீட்டு வண்டி: ட்ரைபரா எர்டிகாவான்னு அலைஞ்ச கதை

மொதல்ல எங்க கணக்கை சொல்லிடறேன். வீடு காவேரிப்பட்டினம். நான், மனைவி, மூணாவது படிக்கிற பொண்ணு, அப்பா, அம்மா. நான் ஓசூர் கம்பெனி பஸ்ல வேலைக்கு போயிடறதால வண்டி வீட்ல தான் நிக்கும், மனைவி தான் ஸ்கூலுக்கும் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுவாங்க. பர்கூர்ல இருந்து தங்கச்சி வந்தா ஏழு பேர். மாங்கா சீசன்ல தோட்டத்துல இருந்து பெங்களூரா ரக மாங்காயை கிரேட்டுல (பெட்டில) அடுக்கி ஏத்தணும். இந்த மூணுக்கும் ஒரே வண்டி வேணும், பெருசாவும் இருக்கக் கூடாது, ஏன்னா எங்க தெருவுல எதிர்ல ஒரு டிராக்டர் வந்தாலே ரிவர்ஸ் தான்.

அப்பா ஆரம்பத்துல இருந்தே மாருதி ஈக்கோ வேன் தான்னாரு, ஸ்லைடிங் டோர், சரக்கும் ஏத்தலாம், ஆளும் ஏத்தலாம்னு. ஆனா அம்மா முட்டி வலியோட சேலம் வரைக்கும் அதுல உக்காந்து போறதை நெனச்சு பார்த்து நான் ஒத்துக்கல. கியா கேரன்ஸும் போய் பார்த்தோம், உள்ள ரொம்ப நல்லா இருக்கு, ஆனா நீளம் 4540 மிமீ, எங்க தெருவை நெனச்சதும் மனைவி அப்பவே வேண்டாம்னுட்டாங்க. கடைசில நின்னது மாருதி எர்டிகாவும் ரெனால்ட் ட்ரைபரும்.

ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ்னு பைபாஸ்ல நேரா கூட்டிட்டு போய் திருப்பி விட்டுடுறாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. அதனால பாலக்கோட்டுல மச்சானோட எர்டிகாவையும் கூட வேலை செய்யற நண்பரோட ட்ரைபரையும் கேட்டு வாங்கி ஒகேனக்கல் போனோம். பென்னாகரம் தாண்டி காட்டு ரோட்டுல போறப்போ இறக்கம், திரும்பி வர்றப்போ தான் ஏத்தம், அதுவும் வயிறு நிறைய மீன் சாப்பிட்டுட்டு எல்லாரும் ஏசி போடுன்னு சொல்ற நேரம். எர்டிகா 1.5 லிட்டர் நாலு சிலிண்டர், இன்ஜின் சக்தி 100 பிஎச்பிக்கு கொஞ்சம் மேல, ஏழு பேரோட அலட்டிக்காம ஏறுச்சு. ட்ரைபர் 1 லிட்டர் மூணு சிலிண்டர், சுமார் 71 பிஎச்பி தான். அஞ்சு பேரோட செகண்ட் கியர்ல சத்தம் போட்டுக்கிட்டே ஆனா தடுமாறாம ஏறுச்சு, ஏழு பேரோட ஏத்துனப்போ ஒரு வளைவுல ஃபர்ஸ்டுக்கு வர வேண்டியதா போச்சு. இதை மறைக்காம சொல்றேன், மாசத்துல பாதி நாள் ஏழு பேரோட ஏற்காடு வத்தல்மலைன்னு ஏறுறவங்க யோசிக்காம எர்டிகா எடுங்க.

எங்களுக்கு அப்படி ஏத்தம் வருஷத்துல எப்பவோ தான். அதனால அடுத்து பார்த்தது உள்ள இடம். ஏழு சீட்டும் போட்டிருந்தா எர்டிகால பின்னாடி சாமான் வைக்க 209 லிட்டர் இடம், ட்ரைபர்ல வெறும் 84 லிட்டர், ரெண்டு பையோட முடிஞ்சுது. ஆனா ட்ரைபர்ல கடைசி வரிசை ரெண்டு சீட்டையும் தனித்தனியா கழட்டி வீட்லயே வச்சிடலாம், ஒண்ணு கழட்டுனா 320, ரெண்டும் கழட்டுனா 625 லிட்டர். எர்டிகால மடக்கத் தான் முடியும், 550 வரைக்கும் வரும், கிரேட்டு வச்சா சீட்டு மேல தான் நிக்கும், மாங்கா பால் சீட்டு துணில பட்டா கறை போகவே போகாது. இதை மாங்கா ஏத்தறவங்களுக்கு சொல்லவே வேண்டாம். ட்ரைபர்ல நடு சீட்டை முன்னாடி பின்னாடி நகர்த்தலாம், சாய்க்கலாம், அம்மா காலை நீட்டி உக்காந்தாங்க, "இது போதும்பா"ன்னாங்க, எனக்கு அங்கயே பாதி முடிவு ஆயிடுச்சு. மூணாவது வரிசைல பெரியவங்க ஒகேனக்கல் வரைக்கும் சரி, சென்னைக்கெல்லாம் வேண்டாம், எர்டிகாலயும் ஓரளவுக்கு அதே கதை தான்.

அப்புறம் காசு, இங்க தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. 2025 செப்டம்பர் 22ல இருந்து 4 மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ட்ரைபர் நீளம் 4 மீட்டருக்கு கொஞ்சம் கம்மி, அதனால உள்ள வந்துடுது. எர்டிகா 4 மீட்டரை தாண்டிடுது, அதனால 40 சதவீதம். அது போக நம்ம தமிழ்நாட்டுல ரோடு டாக்ஸ் 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10 தாண்டுனா 18. அதாவது ஷோரூம் விலை 9.90 லட்சம்னா டாக்ஸ் சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சம்னா சுமார் 1.82 லட்சம், விலைல 20 ஆயிரம் வித்தியாசத்துக்கு டாக்ஸ்ல மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல போகுது. 10 தாண்டுனா 1 சதவீதம் டிசிஎஸ் (விக்கறவங்களே வாங்கி கட்டற வருமான வரி) வேற புடிப்பாங்க, அது ஐடி ரிட்டர்ன்ல திரும்ப வரும்னாலும் அன்னிக்கு கைல இருந்து தானே போகுது. எர்டிகால நாங்க கேட்ட வேரியன்ட் இந்த 10 லட்சத்தை தாண்டிடுச்சு. எர்டிகா சிஎன்ஜில (கேஸ்ல ஓடறது) மைலேஜ் நல்லா வரும், ஆனா சிலிண்டர் பின்னாடி இடத்தை முழுங்கிடும், கிரேட்டு எங்க வைக்கறது?

ட்ரைபர் தான்னு முடிவாச்சு, மேனுவல் கியர், மனைவிக்கு புடிச்ச கலர்.

புக்கிங்ல ஒரு விஷயம் உஷாரா இருங்க. நாங்க போன ஷோரூம்ல இன்சூரன்ஸை இங்க தான் எடுக்கணும்னு ஒரே புடிவாதம். சட்டப்படி அப்படி கட்டாயமே கிடையாது, புது காருக்கு 3 வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம், அதை எங்க வேணா எடுக்கலாம். வெளில கொட்டேஷன் வாங்கிட்டு போய் டேபிள் மேல வச்சோம், அவங்களே குறைச்சாங்க, இருந்தாலும் வெளில தான் எடுத்தோம். சீட் கவர், மேட், கோட்டிங்னு ஒரு பேக்கேஜ் நீட்டுனாங்க, மேட் மட்டும் போதும்னுட்டோம். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே அவங்க புது வண்டி நிறுத்தற யார்டுக்கு போய் வண்டியை பகல் வெளிச்சத்துல பாருங்க, தயாரிச்ச மாசம், டயர் தேதி, பெயின்ட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம். முக்கியமா அந்த கடைசி சீட்டு ரெண்டையும் அங்கயே கழட்டி மாட்டி காட்ட சொல்லுங்க, எங்களுக்கு காட்டுன வண்டில ஒரு லாக் சரியா விழல, மாத்தி கொடுத்த அப்புறம் தான் மீதி பணம் கட்டுனோம்.