கட்டம் 94 இன்னும் காலி

வீடியோ கேமில் பிடித்து வளர்க்கிற கற்பனைப் பிராணிகளான போகிமான் இன்றைய தேதிக்கு மொத்தம் 1025. ஒவ்வொன்றிலும் ஒன்று கைவசம் இருக்க வேண்டும், எண் வரிசைப்படி பெட்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடுகிறவர்கள் இதை லிவிங் டெக்ஸ் என்பார்கள். போன பொங்கல் லீவில் இதில் இறங்கினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வயதில் சொல்லிக்கொள்கிற காரியமா இது!

நான் பார்க்கத் தொடங்கியது 2003-இல், கார்ட்டூன் நெட்வொர்க்கில். ஆங்கிலம் பாதிதான் புரியும். சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாஸோ வில்லைகளை ஜாமெட்ரி பாக்ஸில் அடுக்கி வைத்திருந்தேன். அப்புறம் பிரவுசிங் சென்டரில் ஓர் அண்ணன் கம்ப்யூட்டரில் கேம் பாய் என்ற கைக்கருவியின் ஆட்டங்களை ஓட்டுகிற எமுலேட்டர் போட்டு, போகிமானின் முதல் ஆட்டங்களில் ஒன்றான ரெட்டைக் காட்டினார். ஆடியதை ஃபிளாப்பியில் சேமித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, ஆனாலும் ஃபிளாப்பி என்னிடம்தான் இருக்க வேண்டும்.

அந்த ஆட்டத்தில் லாவெண்டர் டவுன் கோபுரத்தில் ஹாண்டர் என்ற பேய்ப் போகிமானைப் பிடித்தேன். அதை எவ்வளவு வளர்த்தாலும் அதன் அடுத்த வடிவமான, 94-ஆம் எண் ஜென்கராக மாறாது. இன்னொருவருக்குக் கேபிள் வழியாகக் கொடுத்தால்தான் மாறும். கடப்ரா, மச்சோக், கிராவ்லர் மூன்றுக்கும் அதே விதி. போகிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியாகப் பூச்சி ஊர்ந்து போவதுபோல அவருக்குத் தோன்றியதாம். அதனால்தான் ஒரே ஆட்டத்தில், அப்போதிருந்த 151-ஐயும் பிடிக்க முடியாதபடி வைத்தார்கள். ரெட்டில் வல்பிக்ஸ் கிடையாது, அதன் ஜோடி ஆட்டமான ப்ளூவில் க்ரோலித் கிடையாது. இன்னொருத்தனைத் தேடிப் போயே ஆக வேண்டும். எனக்குக் கேபிளும் இல்லை, இன்னொருத்தனும் இல்லை. ஹாண்டர் ஹாண்டராகவே இருந்து, ஒருநாள் ஃபிளாப்பியோடு போய்ச் சேர்ந்தது.

சரி, இந்த வருடக் கணக்குக்கு வருகிறேன்.

முதல் மூன்று வாரம் சுகமாகப் போனது. 2018-இல் வந்த லெட்ஸ் கோ ஆட்டத்தில் பழைய 151-தான் அடிப்படை. பிக்காச்சு பதிப்பில் இல்லாத வல்பிக்ஸை போனில் உள்ள போகிமான் கோவிலிருந்து மாற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் கொண்டுபோய் வைக்கிற கிடங்கு, போகிமான் ஹோம் செயலி. சும்மா இருந்தால் 30 இடம், சந்தா கட்டினால் 6000. ஒரு பெட்டிக்கு 30 கட்டம், ஆக 35 பெட்டி வேண்டும். முதல் ஐந்து பெட்டி வரை ஒரு பெயரைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை. கை தானாகப் போனது.

அதற்குப் பிறகு எக்ஸெல் திறந்தேன். கொஞ்சம் இறங்குமுகம் அங்கேதான் ஆரம்பம். எது எந்த ஆட்டத்தில் கிடைக்கும் என்பது ஒரு தனிப் படிப்பு. 2019 ஜூனில், ஸ்வார்ட், ஷீல்ட் ஆட்டங்களில் எல்லாப் போகிமானும் வராது என்று அறிவித்தார்கள். அதுவரை பெரும்பாலும் பழையதைப் பத்திரமாக அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோகலாம். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு இந்த 1025 வரிசையை எக்ஸெலில் உருட்டும்போது, வேறென்ன செய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. 151, 251, 386, 493, 649, 721, 809, 905, 1025. ஒன்பது தலைமுறையில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. கூடிக்கொண்டே போகிற ஒன்றை எந்தச் சின்ன டப்பாவில் அடைப்பது?

ஐநூறைத் தாண்டியதும் முகங்கள் புதிதாகிவிட்டன. ஐஸ்கிரீம் வடிவில் ஒன்று, குப்பைப் பை வடிவில் ஒன்று, சாவிக்கொத்து ஒன்று. இதெல்லாம் ஒரு போகிமானா என்று சிரித்தேன். பிறகு யோசித்தால், எங்கள் காலத்து வோல்டார்ப் என்பது கண் வைத்த பந்து, க்ரைமர் என்பது சாக்கடைச் சேறு. பதினொரு வயதில் அதை யாராவது கிண்டல் செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆக, குற்றம் சாவிக்கொத்து மேல் இல்லை.

அல்க்ரெமி என்ற கிரீம் கேக் போகிமானில் கிரீமும் மேலே வைக்கிற இனிப்பும் மாற மாற 63 வகை வரும். கையில் இனிப்பைக் கொடுத்து, நேரம் பார்த்து, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுற்ற வேண்டும். ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். வெறிபிடித்தவர்கள் 63-க்கும் தனியாகப் பெட்டி வைத்திருக்கிறார்கள், நமக்கு அந்த அளவு இல்லை.

வேகம் கூடியது ஜிடிஎஸ்ஸைப் பிடித்த பிறகுதான். ஹோம் செயலிக்குள் உள்ள சந்தை அது. ராத்திரி ஒன்றைப் போட்டு, பதிலுக்கு இன்னது வேண்டும் என்று குறித்துவிட்டுத் தூங்கினால், காலையில் எங்கோ இருக்கிற யாரோ கொடுத்திருப்பார். இப்படியே நூற்று நாற்பது வந்தன. கொடுத்தவர்களில் பலருடைய பெயரை எனக்கு வாசிக்கக்கூடத் தெரியாது, எழுத்து அப்படி. ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெட்டி நிறைந்துகொண்டே போனது, காலையில் பார்ப்பது மட்டும் பேங்க் எஸ்எம்எஸ் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

ஆறாவது மாதம் லெஜெண்ட்ஸ் ஆர்சியஸ். 2022-இல் வந்தது, ஆட்டமாக மிகவும் பிடித்திருந்தது, புல்லில் பதுங்கி நிஜமாகவே பூச்சி பிடிக்கிற உணர்வு. அதில் மற்ற ஆட்டக்காரர்கள் தொலைத்த பைகளை மீட்டுக் கொடுத்தால் புள்ளி கிடைக்கும். 1000 புள்ளிக்கு ஒரு பொருள் வாங்கலாம். பெயர் லிங்கிங் கார்ட், அதாவது இணைப்புக் கயிறு. அதைப் போகிமானுக்குக் கொடுத்தால் போதும், யாருக்கும் கொடுத்து வாங்காமலே மாறிவிடும். அந்தக் கேபிளேதான், பைக்குள் வைக்கிற சாமானாக வந்திருக்கிறது. தனியாக ஆடுகிறவனுக்கு இது நல்ல வசதி. சின்ன வயதில் கிடைத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன். கடப்ரா, மச்சோக், கிராவ்லர் மூன்றையும் மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் சில நொடி.

அடுத்தது ஹாண்டர். கை வரவில்லை. கார்டைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டேன். நான்காவது பெட்டி, முதல் வரிசை, நான்காவது கட்டம் காலியாகவே கிடந்தது.

காலாண்டு லீவில் அக்கா மகன் வந்தான். சிங்கப்பூர் சித்தப்பா வாங்கித் தந்த ஸ்விட்ச் லைட் என்ற கேம் கருவி, அதில் வயலட் ஆட்டம். என்னிடம் அதன் ஜோடி ஆட்டமான ஸ்கார்லெட். இரண்டையும் பக்கத்தில் வைத்து, நெட் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். திட்டத்தைச் சொன்னேன்: "நான் ஹாண்டர் தருவேன், உன்கிட்ட வந்ததும் ஜென்கர் ஆயிடும், உடனே திருப்பித் தந்துடு."

"சரி மாமா."

கூடத்துத் தரையில் உட்கார்ந்து அனுப்பினோம். அவன் திரையில் அது மாறுவதை அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இருபது வருடம் கழித்து, அடுத்தவன் திரையில். அவன் கத்தியதில் அக்கா சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திருப்பிக் கேட்டேன். "இரு மாமா, ஒரே ஒரு ஜிம் முடிச்சுட்டுத் தரேன்" என்றான். ஜிம் என்பது ஆட்டத்தில் வரும் ஒரு சவால். ஊருக்குப் போகும்வரை அந்த ஜிம் முடியவில்லை.

இன்றைய நிலவரம் 987. போன வாரம் அக்காவுக்குப் போன் போட்டேன். அடுத்த மாதம் அரையாண்டுப் பரீட்சையாம், ஸ்விட்சைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். ஜென்கரும் அங்கேதான் இருக்கிறது.